ஞாயிறு வெயிலில் ஒரு புடவை

கதவின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். நீல மையில், ஒரு எழுத்துகூடச் சாயாத தமிழில், பதினோரு விதிகள். இரவு பத்து மணிக்குப் பிறகு குளிக்கப்படாது. செருப்போடு மரத்தரையில் நடக்கப்படாது. லிஃப்டின் கதவைக் கையால் பிடித்துச் சாத்தவும். மீன் பொரிக்கும்போது பின்பக்க யன்னலை மட்டும் திறக்கவும். வெறும் போத்தல்களை ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் போடப்படாது. ஏழாவது விதி: ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்கவோ, பல்கனியில் காயப்போடவோ கூடாது.

வந்த அன்றே நான் அதை உரக்கப் படித்தேன். மேடையில் படிப்பதுபோல, வரிக்கு வரி நிறுத்தி, சில வரிகளை இரண்டு முறை. வீட்டுக்காரன் சிரித்தான். அவன் மனைவி ஸ்வெட்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வாழ்க்கையில் நான் வாங்கிய பாராட்டுகளில் பாதியை இப்படித்தான் வாங்கியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

எண்பதுகளின் நடுவில் ஓர் இலையுதிர் காலம். எனக்கு நாற்பத்தைந்து வயது. ஓர் ஊரில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் இருந்தால் நான்காம் நாள் உள்ளங்கால் அரிக்கும். வீட்டிலும் அப்படித்தான், வேலையிலும் அப்படித்தான். கையில் ஒரு ரயில் பாஸ். பாரிஸிலிருந்து வந்து, பிரான்சுக்கும் இத்தாலிக்கும் நடுவே லோசான் ஸ்டேஷனில் இறங்கி மிலான் வண்டிக்குக் காத்திருந்தேன். புடவைக்கு மேல் ஆண்கள் போடும் கோட்டு, காலில் கம்பளிச் சாக்ஸ், அதற்கு மேல் ரப்பர் செருப்பு. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்பது அப்போது என் கொள்கை. யாருடைய செலவில் அந்தக் கொள்கை நடந்துகொண்டிருந்தது என்று யோசித்ததில்லை.

கையில் உருளைக்கிழங்குப் பையோடு ஒரு பெண் என்னைக் கடந்து போனாள். இருபத்தைந்து வயதிருக்கும். வயிறு லேசாகத் தெரிந்தது. பத்தடி போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, நீங்கள் இந்தியாவோ?"

"ஆமாம்மா. மதுரைப் பக்கம்."

"சாறியைப் பாத்திட்டுத்தான் வந்தனான். இஞ்சை ஆரும் உடுக்கிறேல்லை. குளிர். பிறகு, ஆக்களும் பாப்பினம்." புடவையின் கரையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். "நல்ல வடிவு. வாங்கோ, வீடு கிட்டத்தான். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

லோசான் ஊரே ஒரு சரிவு. ஏரியிலிருந்து கிளம்பி மூச்சிரைக்க மேலே ஏறி, ஏறியது போதாதென்று இன்னும் ஏறும். அவள் வயிற்றோடும் உருளைக்கிழங்கோடும் எனக்கு முன்னால் நடந்தாள். நான் பின்னால். மிலான் வண்டி போயிற்று. தேநீர் நான்கு நாள் நீண்டது.

அவளுடைய கணவன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பாத்திரம் கழுவினான். யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைந்தவன். அந்தக் கையெழுத்து அங்கிருந்து வந்தது. வேலைவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னைப் பேசவைத்து வேடிக்கை பார்ப்பான்.

"அக்கா, இன்னொருக்கா அதைச் சொல்லுங்கோ."

"எதைத் தம்பி?"

"'போயிட்டு வந்துடறேன்' எண்டு. படத்திலை கதாநாயகியின்ரை தாய் கதைக்கிற மாதிரியே கிடக்கு."

"ஏன், கதாநாயகி மாதிரின்னு சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"பொய் சொல்லப்படாது எண்டு பன்னிரண்டாவது விதி ஒண்டு இருக்கு அக்கா. எழுதத் தாளிலை இடம் காணேல்லை."

மனைவி அடுப்படியிலிருந்து, "உவருக்கு வாய் மட்டும் இல்லையெண்டால் நாய் கொண்டு போயிடும். நீங்கள் சாப்பிடுங்கோ அக்கா" என்பாள்.

இவர்கள் என் நண்பர்கள் என்று மூன்றாம் நாளே எனக்குள் சொல்லிக்கொண்டேன். புது நட்பு எனக்குச் சுலபமாக வரும். பழைய நட்புகளைக் காப்பாற்றத்தான் தெரியாது.

அந்த வீடு அவர்களுடையதல்ல. கணவனோடு வேலை செய்த ஒரு போர்த்துக்கீசியப் பெண்மணியின் பெயரில் இருந்தது. அவள் தன் நாட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். மூன்று மாதம் பார்க்கிறோம், எல்லாம் ஒழுங்காக இருந்தால் உங்கள் பெயருக்கு எழுதித் தருகிறோம் என்று வீட்டு நிர்வாக அலுவலகம் சொல்லியிருந்தது. இரண்டு பேருக்கு மட்டும். அந்த மூன்று மாதம் வருகிற திங்கட்கிழமையோடு முடிகிறது. திங்கள் காலை பத்து மணிக்கு அலுவலகத்திலிருந்து ஆள் வரும். வருவதற்கு முன் கொன்சியேர்ஜிடம் கேட்கும். கொன்சியேர்ஜ் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவர். கீழ்த்தளத்தில் குடியிருந்த ஓர் இத்தாலியர். அவர் சரி என்றால் சரி. இல்லையென்றால் திரும்பவும் காம்ப்.

காம்ப் என்று அவர்கள் சொன்னது அகதிகளைத் தங்கவைத்திருந்த பழைய கட்டடத்தை. நாற்பது பேருக்கு ஒரு குசினி, ஒரே சமையலறை. பெரும்பாலும் ஆண்கள். குளியலறைத் தாழ்ப்பாள் உடைந்து, யாரும் சரிசெய்யாமல், அவள் எட்டு மாதம் கணவனை வெளியே காவல் நிறுத்தித்தான் குளித்திருக்கிறாள்.

"பிள்ளை பிறக்கேக்கை ஒரு கதவு வேணும் அக்கா" என்றாள் ஒருநாள் வெங்காயம் உரித்தபடி. "உள்ளுக்காலை பூட்டுற கதவு. வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை."

அதனால்தான் அந்தத் தாள். மாடிப்படியில் பிரெஞ்சில் தொங்கிய கட்டட விதிகளை அவன் ஒரு சொல் விடாமல் தமிழில் எழுதி, வருகிற போகிற தமிழ் ஆட்களுக்காக ஒட்டியிருந்தான். எனக்கும் சேர்த்துத்தான்.

கட்டடம் முழுமைக்கும் ஒரே சலவை அறை, அடித்தளத்தில். பதினைந்து நாளுக்கு ஒரு செவ்வாய் இவர்களுடைய முறை. மரக்கட்டையில் கோத்த திறப்பு ஒன்று வரும்; சாவியை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தோய்த்து முடித்ததும் இயந்திரத்தின் உள்வாயைத் துணியால் ஒற்றி, தூசி எடுத்து, தரையைத் துடைத்து, ஆறு மணிக்குள் மூன்றாம் மாடி மூதாட்டியிடம் திறப்பைக் கொடுக்க வேண்டும்.

"போன முறை திறப்பைக் குடுக்கேக்கை அந்த அம்மா மெர்சி எண்டு நன்றி சொன்னவ" என்றாள். "முதல் நாலு முறையும் ஒண்டும் சொல்லேல்லை. சும்மா வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினவ." பரீட்சை முடிவு சொல்கிற முகம் அவளுக்கு.

"இவ்வளவு பயந்து வாழணுமாம்மா?" என்று நான் கேட்டேன். துணிச்சலை ஊரூராகக் காட்டிக்கொண்டு போகிறவர்கள் கேட்கிற கேள்வி அது.

"பயம் இல்லை அக்கா. பழக்கம்."

"பயந்தான்" என்றான் அவன், சோற்றிலிருந்து தலையெடுக்காமல்.

வெள்ளிக்கிழமை லிஃப்டில் கொன்சியேர்ஜ் எங்களோடு ஏறினார். குள்ளமானவர், நரைத்த மீசை, இடுப்பில் சாவிக்கொத்து சத்தமிடாமலிருக்க ஒரு துணியைச் சுற்றியிருந்தார். என் புடவையைப் பார்த்தார், தலையசைத்தார், இறங்கிப் போனார். அவள் என் காதருகில் வந்து, "ஆரும் கேட்டால் இண்டைக்குத்தான் வந்தனீங்கள் எண்டு சொல்லுங்கோ அக்கா. ரண்டு பேருக்கெண்டுதான் வீடு" என்றாள். சரி என்றேன். அப்போதாவது பெட்டியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவள் வைத்த ரசம் நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டான். ஒரு தேவாலயத்துக்காரர்கள் தங்கள் மண்டபத்தைத் தமிழர்களுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு திறந்துவிட்டார்கள். மேசைமேல் முருகன் படத்தை வைத்து நாலு தேவாரம் பாடிவிட்டு வருவார்கள். அவள் அதற்குக் கிளம்பினாள். என்னையும் கூப்பிட்டாள். தலைவலி என்றேன். தலை வலிக்கவில்லை. நான்காம் நாள்; உள்ளங்கால் அரித்தது. மறுநாள் காலை மிலான் வண்டியில் ஏறிவிடுவதென்று முடிவுசெய்திருந்தேன்.

மூன்று நாளாக மூடியிருந்த பனிமூட்டம் பத்து மணிக்குக் கிழிந்தது. கிழிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஏரி வந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் பிரான்சின் மலைகள் வந்தன, உச்சியில் வெள்ளையோடு. எங்கிருந்தோ மணிகள் அடிக்கத் தொடங்கின. ஒரு கோபுரம் தொடங்க, இன்னொன்று எடுத்துக்கொள்ள, ஊர் முழுதும் வெண்கலமாக அதிர்ந்தது. எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுவென்று ஏதோ ஏறியது.

என்னிடம் இருந்தது இரண்டே பருத்திப் புடவைகள். தினமும் குளிக்கும்போது ஒன்றை அலசிவிடுவது சின்ன வயதிலிருந்து பழக்கம். அந்த வீட்டில் குளியலறைக் கொடியில் நாலாய் மடித்துத்தான் போட முடிந்தது. மூன்று நாளும் அரைகுறையாகவே காய்ந்தது. ஈரச் சாக்கு வாடை. அதை உடுத்திக்கொண்டு மிலானில் இறங்க மனம் வரவில்லை. மஞ்சள் சுங்குடி, அரக்குக் கரை. தொட்டியில் சோப்புப் போட்டு அலசினேன். பிழிந்தேன். பல்கனிக் கதவைத் திறந்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. ஏழாவது விதி எனக்கு மனப்பாடம். நான்தான் அதை இரண்டு முறை படித்தவள். யார் பார்க்கப் போகிறார்கள் என்றுகூட நினைக்கவில்லை. பார்த்தால் பார்க்கட்டும், ஒரு துணி வெயிலில் காய்வதற்கு ஒரு நாடு அனுமதி தர வேண்டுமா என்றுதான் நினைத்தேன். முந்தானையின் இரண்டு முனைகளையும் பல்கனிக் கம்பியில் முடிந்தேன். நம் ஊர் மொட்டை மாடியிலிருந்து தொங்கவிடுவதுபோல் மிச்சத்தை அப்படியே கீழே விட்டேன்.

நாலாம் மாடியிலிருந்து ஐந்தரை மீட்டர் புடவை. மூன்றாம் மாடிப் பல்கனியைத் தாண்டி, இரண்டாம் மாடி ஜன்னல் வரைக்கும் இறங்கியது. சாம்பல் நிறக் கட்டடத்தில் மஞ்சளாக ஒரு கோடு. காற்றில் கொஞ்சம் உப்பி, கொஞ்சம் சரிந்து. நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அந்த அரை மணி நேரம் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். இதை மறைத்துப் பயனில்லை.

சுங்குடி சாயம் விடும். அதுவும் எனக்குத் தெரியும்.

மணிகள் ஓய்ந்த பிறகு வாசல் மணி அடித்தது. கதவின் துவாரத்தில் கண் வைத்துப் பார்த்தேன். கொன்சியேர்ஜ். ஞாயிற்றுக்கிழமைக்கான கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கையில் ஒரு வெள்ளை மெத்தை, நாற்காலியில் போடுகிற சின்ன மெத்தை. அதில் அரக்கு நிறத்தில் ஐந்தாறு பொட்டுகள். மூன்றாம் மாடி மூதாட்டியின் பல்கனியில் கிடந்தது என்று ஊகிக்க அதிக நேரமாகவில்லை.

எல்லைச் சாவடிகளில் அதிகாரிகளோடு சண்டை போட்டவள் நான். ஸ்டேஷன் பெஞ்சுகளில் தனியாகப் படுத்துத் தூங்கியவள். அந்தக் கதவைத் திறக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மரத்தரையில் ஒரு முனகல் எழாமல் பின்னால் நகர்ந்தேன். அந்தத் தாளில் இருந்த விதி ஒன்றை நான் முதன்முதலாகக் கடைப்பிடித்தது அப்போதுதான். புடவையை உள்ளே இழுக்கலாமென்று பல்கனிப் பக்கம் போனேன். கீழே மூதாட்டி தன் பல்கனியில் நின்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தலைமுடி மட்டும் தெரிந்தது. இழுத்தால் ஆள் இருப்பது தெரிந்துவிடும். விட்டுவிட்டு, குளியலறைக்குள் போய்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன். மணி இன்னும் இரண்டு முறை அடித்து நின்றது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தேன். வெளியே புடவை தன் பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டரை மணிக்கு மாடிப்படியில், மண்டபத்திலிருந்து திரும்பிய அவள் காலடி கேட்டது. பின்னாலேயே கொன்சியேர்ஜின் காலடி. எங்கள் கதவுக்கு வெளியே இருவரும் நின்றார்கள். அவர் உரக்கப் பேசவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தணிந்த குரலில் நீளமாகப் பேசினார். எனக்குப் புரிந்தது ஒரே சொல்தான்: திமான்ஷ். ஞாயிறு. அது திரும்பத் திரும்ப வந்தது. பிறகு ஒரு கேள்விபோல ஏதோ கேட்டார்.

அவள் சொன்னாள்: "செ முவா."

நான்தான் என்று அர்த்தம். அந்த அளவு பிரெஞ்சு எனக்கும் தெரியும். காலையில் போகும்போது தானே போட்டுவிட்டுப் போனதாக, இருக்கிற நாலு பிரெஞ்சுச் சொற்களை வைத்து அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். மன்னிப்பும் கேட்டாள்: "பார்தோன், மொசியூ. செ முவா." எனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு கதவு. உள்ளுக்காலை பூட்டுகிற கதவு. நான் அதன் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திறந்து வெளியே போக ஐந்து எட்டு. எண்ணியும் பார்த்தேன். போகவில்லை.

அவர் இறங்கிப் போனார். அவள் திறப்பைப் போட்டு உள்ளே வந்தாள், கதவைக் கையால் பிடித்துச் சாத்தினாள், சப்பாத்தைக் கழற்றினாள். என்னைப் பார்த்தாள்.

"அக்கா, சாப்பிட்டனீங்களோ?"

நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "தெரியாம பண்ணிட்டேன்மா."

அவளுடைய கண் ஒரு நொடி கதவுப் பக்கம், அந்தத் தாளின் பக்கம் போனது. உடனே திருப்பிக்கொண்டாள். வேண்டுமென்று பார்க்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"பஸ்ஸாலை இறங்கேக்கையே கண்டிட்டன்" என்றாள். "தூரத்திலை இருந்து பாக்க நல்ல வடிவாத்தான் இருந்தது."

பஸ் நிறுத்தத்திலிருந்து அந்த மேட்டையும், லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நாலு மாடியையும் அவள் ஏறி வந்திருக்கிறாள். வரும் வழியெல்லாம் அந்த நாலு சொற்களை அடுக்கிக்கொண்டே வந்திருக்க வேண்டும். பல்கனிக்குப் போய் முடிச்சுகளை அவிழ்த்து, புடவையை மேலே இழுத்து, முனையோடு முனை வைத்து மடித்து என் கையில் தந்தாள். நன்றாகக் காய்ந்திருந்தது. வெயில் வாசனை.

நாலு மணிக்குக் கணவன் வந்தான். கீழேயே கொன்சியேர்ஜ் அவனை நிறுத்திச் சொல்லியிருந்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியில் பத்திரப்படுத்தியிருந்த ஊர்த் தேயிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி இறங்கினான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான். பொட்டலம் கையிலேயே இருந்தது.

"என்ன சொன்னவர்?" என்றாள் மனைவி.

"தான் சீசன் வேலைக்கு வந்து ஒன்பது வருசம் பலகைக் கொட்டில்லை கிடந்தவராம். மனிசி பிள்ளையளைக் கூப்பிட விடேல்லையாம். அப்பவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சட்டையை வெளியிலை போடேல்லையாம்." பொட்டலத்தை அலமாரியில் அதே இடத்தில் வைத்தான். "கேட்டால் உள்ளதைத்தான் சொல்லுவாராம். எங்களிலை நல்ல விருப்பமாம். அதாலைதான் கோவமாம்."

"தம்பி, நான் போய்ச் சொல்லிடறேன். என் புடவை, நான்தான் போட்டேன்னு" என்றேன்.

"வேண்டாம் அக்கா."

"இங்கிலீஷ்லயாவது சொல்றேன். நீங்க மொழிபெயர்த்துச் சொல்லுங்க."

அவன் விரலை நீட்டினான். கோபமில்லாமல், கணக்கன் மாதிரி. "இப்ப ஒரு குற்றம். ஞாயிற்றுக்கிழமை சாறி. நீங்கள் போய்ச் சொன்னால் மூண்டு. சாறி ஒண்டு. வீட்டிலை மூண்டாவது ஆள், ரண்டு. இவ பொய் சொன்னது, மூண்டு. ஒண்டோடை நிக்கட்டும் அக்கா."

அவன் சொன்னது சரிதான். இன்றைக்கு யோசித்தாலும் அதில் ஓட்டையில்லை. ஆனால் அது சரியென்று நான் ஒப்புக்கொண்ட வேகம் இருக்கிறதே, அதை என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். வற்புறுத்துவதுபோல் நடித்தாவது இருக்கலாம். தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றும் ரசம் வைத்தாள். யாரும் என்னைப் பேசச் சொல்லி வேடிக்கை பார்க்கவில்லை.

திங்கள் காலை ஏழரைக்கு வண்டி. பத்து மணிக்கு முன்னால் நான் அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவசியமும் இருக்கவில்லை. ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு அவள் மட்டும் ஸ்டேஷனுக்கு வந்தாள். அவன் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

"போய்ச் சேந்ததும் ஒரு காட் போடுங்கோ அக்கா."

"கண்டிப்பாம்மா. எல்லாம் நல்லபடியா முடியும். ஒரு துணிக்காக யாராவது..."

அவள் சிரித்தாள். வண்டி நகர்ந்தது. பத்து மணிக்கு நான் மலைக்கு அடியில், இத்தாலிக்குப் போகிற நீளமான சுரங்கத்தில் இருந்தேன். ஜன்னலில் என் முகம்தான் தெரிந்தது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மிலானிலிருந்து ஒரு படஅட்டை போட்டேன். நட்பைப் பற்றி ஐந்து வரி. நல்ல வரிகள். வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

நாலரை மாதம் கழித்து மதுரைக்கு ஒரு கடிதம் வந்தது. அதே நீல மை, அதே சாயாத எழுத்து. படிப்பதற்கு முன் மேல்மூலையில் இருந்த முகவரியைப் பார்த்தேன். அவர்களுடைய தெருவின் பெயர் இல்லை. காம்ப் என்று அவர்கள் சொன்ன இடத்தின் பெயர் இருந்தது.

அலுவலகத்துக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம். அகதிகளுக்கு வீடு வேண்டாம் என்று முன்பே முடிவுசெய்திருக்கலாம். இப்படி நிறையக் காரணங்களை நான் அவர்களுக்காக யோசித்துக் கொடுத்திருக்கிறேன். கடிதத்தில் காரணம் எதுவும் இல்லை. மகள் பிறந்திருக்கிறாள், தாயும் பிள்ளையும் சுகம், உங்கள் காட் கிடைத்தது, மிகவும் சந்தோசம் என்று இருந்தது. கடைசியில் ஒரு பத்தி:

"அக்கா, இங்கே விதிகள் ஒன்றும் எழுதி ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் தோய்க்கலாம், காயப்போடலாம். நாற்பது பேருக்கு ஒரு கொடி, இடம் பிடித்தால் சரி. மறுபடி இந்தப் பக்கம் வந்தால் யோசிக்காமல் வாருங்கள். உங்கள் சாறிக்கு இடம் பிடித்துத் தருவேன்."

அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், பென்சிலில், அவள் ஒரு வரி எழுதியிருந்தாள். குளியலறைக்கு இப்போது புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள், கவலைப்பட வேண்டாம் என்று.

அவன் பகிடிதான் விட்டிருந்தான், வழக்கமான கேலி. அவன் அப்படித்தான் பேசுவான். மூன்று முறை பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் வரிகள் நன்றாக வந்தன. நன்றாக வந்ததாலேயே கிழித்துப் போட்டேன்.